மாப்ள போடும் மீன் கடையும் எங்க ஏரியும்

அக்கா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக்கில் வந்து இறங்கினான். நான் களத்தில் மணிலா காயப்போட்டுக் கொண்டிருந்தேன். "மாமா, திருவண்ணாமலைல மீன் கடை போடப் போறேன்" என்றான். ஏதோ வஞ்சிரம், சங்கரா விற்கப் போகிறான் என்று நினைத்து, "ஐஸு செலவு கட்டுப்படி ஆவுமாடா?" என்று கேட்டுவிட்டேன்.

"அய்ய, திங்கிற மீனு இல்ல மாமா. வளக்கிற மீனு. கண்ணாடித் தொட்டி."

அவனுக்கு என்னிடம் இரண்டு வேலை. ஒன்று, மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் சும்மா கிடக்கிற எங்கள் பழைய சிமெண்ட் தொட்டி. சென்னை கொளத்தூரிலிருந்து மொத்தமாக வாங்கி வரும் மீன்களை அதில் விட்டுவைத்து, வாரா வாரம் கடைக்கு எடுத்துப் போகலாம் என்று கணக்குப் போட்டிருந்தான். இரண்டாவது, ஒரு தாளில் எழுதி வைத்திருந்த பட்டியல். "எதெது வைக்கலாம்னு நீங்க சொல்லுங்க மாமா. நீங்கதான் எப்பப் பாத்தாலும் புஸ்தகமும் கையுமா இருக்கீங்களே."

பட்டியலில் பன்னிரண்டு பெயர். கோல்டு ஃபிஷ், ஃபைட்டர், கப்பி, மோலி, ஏஞ்சல், நியான் டெட்ரா, டிஸ்கஸ், ஃப்ளவர்ஹார்ன், அரோவானா, சக்கர், ரெட் டெயில் கேட்ஃபிஷ், அலிகேட்டர் கார். படித்துவிட்டு, "இதுல நம்ம ஊர் மீனு ஒண்ணுகூட இல்லையேடா" என்றேன். "நம்ம ஊர் மீன யாரு மாமா காசு குடுத்து வாங்குவான்?" என்றான்.

ஒரு வாரம் டைம் கொடு என்று சொல்லி அனுப்பினேன். மழை பெய்ததால் வயலில் வேலை இல்லை. அந்த ஒரு வாரம் நான் தேடிப் படித்ததும், ஏற்கெனவே தெரிந்திருந்ததும்தான் இந்தப் பதிவு. சென்னையிலும் பெங்களூரிலும் உட்கார்ந்து இதைப் படிக்கிற உங்களில் நிறைய பேர் வீட்டு ஹாலில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

"நம்ம ஊர் மீனை யார் வாங்குவான்" என்ற கேள்விக்கு இருநூறு வருடத்துக்கு முன்பே பதில் இருக்கிறது. அப்போது தரங்கம்பாடி டென்மார்க்காரர்கள் கையில் இருந்தது. அங்கே மிஷனரியாக இருந்தவர் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான். 1771-ல் வந்தவர், சாகும்வரை அங்கேயே இருந்தார். வேத வேலை போக மிச்ச நேரத்தில் நண்டு, சிப்பி, பாம்பு, மீன் என்று கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்து, ஜாடியில் போட்டு ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றுவார். அப்படி அவர் அனுப்பிய மீன்கள் பெர்லினில் மார்க்கஸ் எலியேசர் ப்ளோக் என்ற டாக்டருக்குப் போயின. ப்ளோக் வைத்தியம் பார்த்துச் சம்பாதித்த காசையெல்லாம் மீன் படப் புத்தகத்தில் போட்டவர். அவர் சேர்த்த மீன்களில் பல இன்றைக்கும் பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

நாம் சேற்றில் கை விட்டுக் குத்து வாங்குகிற தேளி மீனுக்கும், கோடு போட்ட சின்னக் கெளுத்திக்கும் 1794-ல் லத்தீன் பெயர் வைத்தவர் இந்த ப்ளோக்தான். இரண்டுமே தரங்கம்பாடியிலிருந்து போனவை. விராலுக்கு அதற்கு முந்தைய வருடமே பெயர் வைத்துவிட்டார். கெளுத்தி முள் குத்தி ராத்திரி முழுக்கத் துடித்த அனுபவம் ப்ளோக்குக்கு இருந்திருக்காது. அது ஜானுக்கு மீன் பிடித்துக் கொடுத்த தரங்கம்பாடிப் பையன்களுக்கு இருந்திருக்கும். அவர்கள் பெயர் எந்த மீனுக்கும் வைக்கப்படவில்லை. ஜான் பெயர் ஒரு கடல் மீனுக்கு இருக்கிறது.

அதே தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்று ஒரு டேனிஷ் லெப்டினன்ட். 1791 நவம்பரில், அதாவது நம் ஐப்பசி கார்த்திகை மழையில், குளக்கரைப் பனைமரத்துப் பட்டையிடுக்கில், தண்ணீருக்கு ஐந்தடி மேலே ஒரு மீனைக் கையால் பிடித்ததாக எழுதினார். 1797-ல் லண்டனில் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் அது அச்சானது. ஏறுகிற மீன் என்று அர்த்தம் வருகிற மாதிரி அவர் லத்தீனில் ஒரு பெயரும் வைத்தார். ஆனால் ப்ளோக் அதே மீனுக்கு ஐந்து வருடம் முன்பே பெயர் வைத்திருந்ததால் டால்டார்ஃபின் பெயர் நிற்கவில்லை. நம்மவர்களுக்கு இந்தச் சண்டை எதுவும் தெரியாது. நாம் பனையேறிக் கெண்டை என்று சொல்லிக்கொண்டே இருந்தோம்.

அது உண்மையில் பனை ஏறுமா என்று பின்னால் பெரிய வாக்குவாதம் நடந்தது. காக்காயோ பருந்தோ தூக்கிக்கொண்டு போய் மரத்தில் போட்டிருக்கும் என்று சொன்னார்கள். நான் மரத்தில் பார்த்ததில்லை. ஆனால் சின்ன வயதில், முதல் கோடை மழை இறங்கின ராத்திரி, எங்கள் ஏரிக் கலிங்குக்குக் கீழே மண் ரோட்டில் வரிசையாகப் பத்துப் பதினைந்து மீன் செவுளை ஊன்றி ஊன்றி நகர்ந்து போவதை டார்ச் வெளிச்சத்தில் பார்த்திருக்கிறேன். அப்பா ஒரு கூடையில் பொறுக்கினார். மறுநாள் குழம்பு.

இது எப்படி முடிகிறது என்றால், பனையேறிக்குச் செவுளுக்கு மேலே இன்னொரு மூச்சு உறுப்பு இருக்கிறது. தண்ணீரில் காற்று குறைந்தால் மேலே வந்து வாயால் காற்றைக் குடித்துக்கொள்ளும். மீன் தொட்டி வரலாற்றையே இந்த உறுப்புதான் ஆரம்பித்து வைத்தது என்று படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க்கில் 1853-ல் மக்கள் பார்க்கிற மாதிரி கண்ணாடித் தொட்டி மீன் காட்சியைத் திறந்தார்கள். அப்போது மோட்டார், காற்றுக் குழாய் எதுவும் கிடையாது. வெப்ப நாட்டு மீனைக் கப்பலில் மாதக்கணக்கில் கொண்டு போனால் வழியிலேயே செத்துப்போகும். சாகாமல் போய்ச் சேர்ந்தது காற்றுக் குடிக்கிற மீன்கள்தான். பாரிஸில் பியேர் கார்போன்னியே என்பவர் 1869-ல் சீனத்திலிருந்து வந்த அப்படி ஒரு மீனை வாங்கி வளர்த்துக் குஞ்சு பொரிக்க வைத்தார். 1870-களில் அவர் கைக்கு வந்தது நம் கங்கைக் கரைக் குட்டை மீன், கௌராமி. நுரையில் கூடு கட்டி, ஆண் மீன் காவல் நிற்பதைப் பார்த்து எழுதினார். வானவில் மீன் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

எங்கள் பக்கத்துக்கே நெருங்கிய கதை ஒன்று உண்டு. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரியாங்குப்பம் ஆறு இருக்கிறதல்லவா, அங்கே பிடித்த விரல் நீள மீனுக்கு 1831-ல் பாரிஸில் கூவியே 'குப்பானஸ்' என்று பெயர் வைத்தார். அரியாங்குப்பத்தில் இருக்கிற குப்பம்தான் அது! பிரெஞ்சுக்காரர் வாயில் அப்படி ஆகிவிட்டது. நெல் வயலில், வாய்க்காலில், செடி கொடி நிறைந்த குட்டையில் இருக்கிற மீன். வால் நடுவில் ஊசி மாதிரி நீண்டிருக்கும், கண் ஓரத்தில் சிவப்பு. இதுவும் காற்றுக் குடிக்கிற ஜாதி, இலைக்கு அடியில் நுரைக்கூடு கட்டும். இருபதாம் நூற்றாண்டு தொடக்கத்திலேயே ஜெர்மனியில் வீடுகளில் இதை வளர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். நாங்கள் சின்னதில் இதைக் கொட்டாங்குச்சியில் பிடித்து வைத்துக்கொண்டு, குழம்புக்கு ஆகாது என்று மறுபடியும் வயலிலேயே கொட்டிவிடுவோம்.

இன்றைக்கு உலகத்து ஆராய்ச்சிக்கூடங்களில் எல்லாம் இருக்கிற வரிக்குதிரை மீனும் நம் துணைக்கண்டத்து ஓடை மீன்தான். அதற்கு 1822-ல் பெயர் வைத்த ஃபிரான்சிஸ் புக்கானன் ஹாமில்டன், 1800-ல் சென்னையிலிருந்து கிளம்பி ஆற்காடு, வேலூர் வழியாக மைசூர் போனவர். அப்படிப் பார்த்தால் எங்கள் மலைக்கு ரொம்பத் தூரமில்லாத வழியில்தான் அவர் வண்டி போயிருக்கிறது.

இது நம் மீன் வெளியே போன கதை. உள்ளே வந்த கதைதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது.

முதலில் கப்பி. டிரினிடாடில் இருந்த லெச்மியர் கப்பி என்பவர் லண்டனுக்கு அனுப்பியதால் 1866-ல் அவர் பெயரை வைத்தார்கள். அதற்கு முன்பே ஜெர்மன்காரர் ஒருவர் வேறு பெயர் வைத்துவிட்டிருந்தாலும், ஜனங்கள் வாயில் கப்பியே நின்றுவிட்டது. கொசுப் புழுவைத் தின்னும் என்று 1908-ல் இந்தியாவுக்குள் கொண்டு வந்தார்கள். அடுத்து 1928-ல் இத்தாலி வழியாகக் கம்பூசியா, அதுவும் கொசுவுக்காக. மலேரியாவில் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த காலம், அதனால் அன்றைக்கு அதைச் செய்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கம்பூசியா கொசுப் புழுவோடு நிற்காது. அடுத்த மீனின் முட்டை, குஞ்சு, தவளைக் குஞ்சு எல்லாவற்றையும் கொத்தும். உலக சுகாதார நிறுவனமே 1982-ல் இந்த மீனைக் கொசுவுக்குப் பரிந்துரைப்பதை நிறுத்திவிட்டது. எங்கள் கிணற்றில் அப்பா காலத்தில் யாரோ கொண்டு வந்து விட்ட கம்பூசியா இன்றும் இருக்கிறது. 30 வருடத்தில் இரண்டு முறை கிணற்றைத் தூர் வாரினோம், ஒரு பொட்டுத் தண்ணீர் மிச்சமிருந்தாலும் போதும், மறுபடி பெருகிவிடுகிறது.

அதற்கப்புறம் திலேப்பியா. நம் ஆட்கள் ஜிலேபி என்று பெயர் வைத்துவிட்டார்கள், என்ன ருசியான பெயர்! ஆப்பிரிக்க மீன். 1952 ஆகஸ்டில் பாங்காக்கிலிருந்து மண்டபத்துக்கு வந்து இறங்கியது. ஏழை ஜனங்களுக்குச் சீக்கிரம் புரதம் கிடைக்கட்டும் என்பது நோக்கம். தமிழ்நாட்டுக் குளங்களிலும் அணைகளிலும் விட்டார்கள். குஞ்சை வாய்க்குள் வைத்துக் காப்பாற்றும், வருடத்துக்குப் பல முறை பொரிக்கும், எதையும் தின்னும். ஏழு வருடத்தில் விஷயம் புரிந்து, 1959-ல் மீன்வள ஆராய்ச்சிக் குழு இதை இனிமேல் பரப்பக் கூடாது என்றது. அதற்குள் ஊர் ஊராகப் போய்விட்டது. இப்போது எங்கள் ஏரியைக் குத்தகை எடுப்பவர்கள் வலை போட்டால் கூடையில் பாதிக்கு மேல் ஜிலேபிதான். அதற்குக் கிலோ விலை கெண்டையை விடக் குறைவு.

இவையெல்லாம் படித்தவர்களும் அரசாங்கமும் நல்லதுக்கென்று கொண்டு வந்தவை. மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, அதற்குத் தேதி கிடையாது, ஆணை கிடையாது. அது கண்ணாடித் தொட்டி வழி.

சென்னை மெரினாவில் 1909-லேயே மீன் காட்சிச்சாலை திறந்தார்கள். அருங்காட்சியகத்துத் தலைவர் எட்கர் தர்ஸ்டன் எடுத்த முயற்சி. ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் மூடினார்கள். எங்கள் தலைமுறைக்குக் கண்ணாடிக்குள் மீன் என்றால் சாத்தனூர் அணைக்கட்டு. பள்ளிக்கூடத்தில் கூட்டிக்கொண்டு போவார்கள். முதலைப் பண்ணையைப் பார்த்துவிட்டு மீன் காட்சிக்குப் போவோம். எனக்கு முதலையை விட அந்த மீன்கள்தான் நினைவில் நின்றன, ஏனென்றால் வெளிச்சம் போட்டிருந்தார்கள். அப்புறம் சென்னை கொளத்தூரில் வீட்டு மாடியிலும் கொல்லையிலும் சிமெண்ட் தொட்டி கட்டி வண்ண மீன் பொரிக்கும் தொழில் பெருகி, நாடு முழுக்கப் போக ஆரம்பித்தது. எத்தனையோ குடும்பங்களுக்கு அது சோறு போடுகிறது. மாப்ளையும் அங்கேதான் இரண்டு வருடம் ஒரு பண்ணையில் வேலை கற்றுக்கொண்டான்.

இந்த வழியில் வந்த ஒரு ஆளைத்தான் நான் நேரில் சந்தித்தேன். அதைச் சொன்னால்தான் மாப்ளையிடம் நான் ஏன் பிடிவாதம் பிடித்தேன் என்று உங்களுக்குப் புரியும்.

2024 டிசம்பர் ஃபெஞ்சல் புயல் ஞாபகம் இருக்கும். திருவண்ணாமலையில் மலைச்சரிவு நடந்த அதே நாட்கள். சாத்தனூர் அணையிலிருந்து ஒரு லட்சத்து அறுபதாயிரம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்து தென்பெண்ணையில் போனது. எங்கள் பக்கம் ஏரி மேல் ஏரியாகக் கலிங்கு வழிந்தது. மேல் ஏரித் தண்ணீர் எங்கள் ஏரிக்கு, எங்கள் ஏரித் தண்ணீர் கீழ் ஏரிக்கு, அங்கிருந்து துரிஞ்சலாறு, தென்பெண்ணை, கடைசியில் கடலூர்க் கடல். நம் முன்னோர் ஏரிகளைச் சங்கிலி மாதிரி கோத்து வைத்ததன் பெருமையை நானே இந்த வலைப்பூவில் நாலு முறை எழுதியிருக்கிறேன். அந்தச் சங்கிலியில் மீனும் போகும் என்பதை எழுதவில்லை.

அடுத்த கோடையில் தண்ணீர் இறங்கியபோது வலை போட்ட பையன் ஒருத்தன் என்னைக் கூப்பிட்டான். "அண்ணே, இது இன்னா மீனுண்ணே? வலைய கிழிச்சிட்டுது." கறுப்பாக, உடம்பு முழுக்க எலும்புக் கவசம், முதுகில் பாய்மரம் மாதிரி துடுப்பு, வாய் அடிவயிற்றுப் பக்கம். ஒன்றரை அடி இருக்கும். கரையில் போட்டு வைத்தோம். மத்தியானம் சாப்பிட்டு வந்து பார்க்கிறேன், இன்னும் உயிரோடு இருக்கிறது.

இதுதான் பட்டியலில் பத்தாவது பெயர், சக்கர். கடைகளில் டேங்க் கிளீனர் என்று விரல் நீளத்தில் விற்கிறார்களே, அது. தென் அமெரிக்க மீன். தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டும் என்று வாங்குவார்கள். ஒரு வருடத்தில் தொட்டி பத்தாது. கொல்ல மனசு வராது, நல்ல மனசு. ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு போய் ஏரியிலோ குளத்திலோ விட்டு, பிழைத்துப்போ என்று கும்பிட்டுவிட்டு வருவார்கள். கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டு வளர்ந்த ஜனங்கள்தானே நாம், மீனைத் தண்ணீரில் விடுவது பாவம் என்று யாருக்குத் தோன்றும்?

சென்னையைச் சுற்றி ஏரிகளில் இது பெருகிவிட்டதை ஏற்கெனவே செய்தியில் படித்திருந்தேன். மெக்சிகோவில் இன்ஃபியர்னில்லோ என்ற பெரிய அணையில் மீன்பிடித் தொழிலையே இது படுக்க வைத்துவிட்டது. வலையில் மாட்டினால் வலை போச்சு. தின்ன ஆள் கிடையாது. கொக்கு, நாரை விழுங்கினால் முள் தொண்டையில் மாட்டும். எனக்கு வயிற்றைக் கலக்கியது இதெல்லாம் இல்லை. முட்டையிட இது கரையில் வளை தோண்டும். மூன்று நாலு அடி ஆழத்துக்கு உள்ளே போகும், பக்கத்தில் பக்கத்தில் நிறைய தோண்டும். தண்ணீர் இறங்கிய பிறகு எங்கள் ஏரிக்கரை உள்பக்கச் சரிவில், மதகுக்குப் பக்கத்தில், முழங்கை நுழைகிற அளவில் ஏழு ஓட்டை எண்ணினேன். அதில் எத்தனை நண்டு வளை, எத்தனை இதுடையது என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் மண் கரைக்கு ஓட்டை என்றால் என்ன என்று ஆயக்கட்டுக்காரனுக்குத் தெரியும். அடுத்த ஃபெஞ்சல் வரும்போது அந்த இடத்தில் நான்தான் மணல் மூட்டை தூக்கிக்கொண்டு நிற்கப் போகிறேன்.

ஒரு வாரம் கழித்து மாப்ள வந்தான். தாளை எடுத்து வைத்து ஒவ்வொன்றாகப் பேசினோம்.

சக்கர், ரெட் டெயில், அலிகேட்டர் கார் மூன்றையும் முதலில் அடித்தேன். ரெட் டெயில் அமேசானில் ஒரு மீட்டருக்கு மேல் வளரும். கார் ஆள் உயரம் தாண்டும். கேரளாவில் 2018 வெள்ளத்துக்கு அப்புறம் ஆற்றில் வலை போட்டவர்கள் கையில் அரபைமாவும் அலிகேட்டர் காரும் கிடைத்த படங்களை அவனே வாட்ஸாப்பில் எனக்கு அனுப்பியிருந்தான். இரண்டுக்கும் தகராறு இல்லை. சக்கருக்குத்தான் பெரிய சண்டை. "மாமா, பாசி பிடிச்சா கஸ்டமர் திரும்பி வர மாட்டான். நூறு பேர்ல எண்பது பேரு அதக் கேப்பான். பக்கத்துக் கடையில இருக்கும். அவன் அங்க போய் வாங்கிட்டு, மத்ததையும் அங்கயே வாங்கிடுவான்." நியாயமான பேச்சு. வாடகை, கரண்டு பில் அவன் கட்ட வேண்டும், நான் கட்டப் போவதில்லை. பாசிக்குக் காரணம் வெயில் படுகிற இடத்தில் தொட்டி வைப்பதும் அளவுக்கு மேல் தீனி போடுவதும்தான், அதைச் சொல்லி விற்றுப் பார் என்றேன். பதில் சொல்லாமல் டீயைக் குடித்தான்.

நியானும் டிஸ்கஸும் அமேசான் பக்கத்து மென்மையான தண்ணீருக்குப் பழகின ஜாதி. எங்கள் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் காய வைத்தால் வெள்ளையாகப் படியும். கொளத்தூரில் பிழைக்கிறது இங்கே பிழைக்கும் என்று நம்ப முடியாது, ஆர்.ஓ. தண்ணீர் கலக்க வேண்டும். அதை வாங்குகிறவன் செய்ய மாட்டான். மோலி அப்படி இல்லை, கடினத் தண்ணீரில் கொழுகொழுவென்று இருக்கும். கப்பியும் தாங்கும். கப்பி ஏற்கெனவே நூறு வருடமாக நாட்டில் இருக்கிறது, அதைத் தடுத்து என்ன செய்வது, வைத்துக்கொள் என்றேன். ஆனால் என் சிமெண்ட் தொட்டி வழிந்தால் வாய்க்காலுக்குப் போகும், அதில் கப்பி வேண்டாம்.

ஃபைட்டர் தாய்லாந்து மீன். காற்றுக் குடிக்கிறவன், கரண்டு போனாலும் சாக மாட்டான். 2012-ல் எங்கள் மாவட்டத்தில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லாமல் இருந்தோம், அப்போது தொட்டி வைத்திருந்த ஒரு வாத்தியார் வீட்டில் எல்லா மீனும் செத்து ஃபைட்டர் மட்டும் மிஞ்சியது எனக்குத் தெரியும். கோல்டு ஃபிஷ் சீனத்தில் ஆயிரம் வருடமாகக் குளத்தில் வளர்த்த மீன், ஒழுங்காக வளர்த்தால் பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். அதை உருண்டைக் கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டு விற்றால் பத்து நாளில் சாகும். பெரிய தொட்டி வாங்குகிறவனுக்கு மட்டும் கொடு என்றேன். சரி என்றான். செய்வானா தெரியாது. ஏஞ்சலுக்கு இரண்டு பேரும் தலையாட்டிவிட்டுத் தாண்டிப் போனோம்.

ஃப்ளவர்ஹார்ன், அரோவானா இரண்டும் வாஸ்து கணக்கில் விற்பவை. ஃப்ளவர்ஹார்ன் எந்த ஆற்றிலும் பிறந்ததில்லை, 1990-களில் மலேசியாவில் மனிதர்கள் கலந்து உண்டாக்கியது. தலையில் பெரிய மேடு இருந்தால் அதிர்ஷ்டம் என்று ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குவார்கள். விலை அதிகம் என்பதால் தூக்கி எறிய மாட்டார்கள் என்பது மாப்ளயின் வாதம். ஆர்டர் கொடுத்தால் மட்டும் வாங்கிக் கொடுப்பது என்று முடிவானது.

அப்புறம் நான் என் பட்டியலை எடுத்தேன். கௌராமி. வரிக்குதிரை மீன். அயிரை, அதைத் தொட்டியில் போட்டால் அடி மணலைச் சலித்துச் சலித்துச் சுத்தம் பண்ணிக்கொண்டே இருக்கும், குழம்பில் மட்டும் பார்த்தவர்களுக்கு அது தெரியாது. நெற்றியில் வெள்ளிப் பொட்டு வைத்தாற்போல் தண்ணீர் மட்டத்திலேயே நீந்துமே, நாங்கள் பொட்டு மீன் என்போம், அது. கொசுப் புழுவைத் தின்ன அதுவே போதும், இத்தாலியிலிருந்து வந்திருக்க வேண்டியதில்லை. கடலோரக் கழிமுகத்திலிருந்து வருகிற ஆரஞ்சு குரோமைடு, அப்பாவும் அம்மாவும் சேர்ந்து குஞ்சு வளர்க்கும், குஞ்சுகள் பெற்றோர் உடம்பு வழவழப்பைக் கொத்தித் தின்னும். கடைசியாக அரியாங்குப்பத்துக் குப்பானஸ்.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு, அதையும் அவனிடம் சொன்னேன். நம் மீன் என்று ஆரம்பித்தால் அள்ளிக்கொண்டு போகிற கூட்டம் வரும். கேரளத்து மலை ஆறுகளில் சிவப்புக் கோடு போட்ட ஒரு கெண்டை, மிஸ் கேரளா என்பார்கள். 1865-ல் ஃபிரான்சிஸ் டே பெயர் வைத்தது. 130 வருடம் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1990-களின் கடைசியில் வெளிநாட்டுத் தொட்டிக்காரர்களுக்குப் பிடித்துப்போய், ஆற்றில் இருந்ததையெல்லாம் வாரி ஏற்றுமதி செய்தார்கள். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அழியும் நிலைப் பட்டியலுக்குப் போய்விட்டது. அதனால் பொரித்த குஞ்சு மட்டும்தான் விற்க வேண்டும், ஏரியிலிருந்து அள்ளக் கூடாது.

"குப்பானஸ் எங்க மாமா கிடைக்கும்?" என்றான். நம் வயல்லதான் என்று பெருமையாகக் கூட்டிக்கொண்டு போனேன். கொட்டாங்குச்சியில் அள்ளின அதே வாய்க்கால். இரண்டு மணி நேரம் வலைத் துணியை வைத்துத் துழாவினோம். கம்பூசியா வந்தது. ஜிலேபிக் குஞ்சு வந்தது. களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் அடிக்கிற வாய்க்கால், அடித்ததில் என் பங்கும் உண்டு. நாலாவது நாள், மருந்து போகாத மேட்டுக் குட்டை ஒன்றில், ஆகாயத்தாமரை வேருக்கு அடியில் ஐந்து கிடைத்தன. இரண்டு ஆண், இரண்டு பெண், ஒன்று சொல்லத் தெரியவில்லை.

கடை திறந்து மூன்று மாசம் ஆகிறது. சக்கர் வைத்திருக்கிறான். வைக்காமல் முடியவில்லை மாமா என்று சொல்லிவிட்டான், நானும் ரொம்பப் பேசவில்லை. ஆனால் வாசலில் ஒரு போர்டு மாட்டியிருக்கிறான்: "வளர்ந்த மீனை ஏரியில் விடாதீர்கள். எங்களிடம் கொடுங்கள், பாதி விலைக்கு வேறு மீன் தருகிறோம்." பக்கத்துக் கடையில் வாங்கினதையும் கொண்டு வந்து கொடுக்கிறார்கள், அவனுக்கு நஷ்டம்தான். அப்படி வந்த சக்கர் பதினொன்று இப்போது என் சிமெண்ட் தொட்டியில் கிடக்கின்றன, வழிவாய்க்கு இரும்பு வலை அடித்திருக்கிறேன். அவற்றை என்ன செய்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. மனைவி மாட்டுக் கொட்டகை எருக்குழியைக் காட்டுகிறாள். தொட்டிக்கு அந்தப் பக்கம், ஒரு பழைய மண் தாழியில் குப்பானஸ் இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை காலையில் தாமரை இலைக்கு அடியில் நுரை கட்டியிருந்தது. மாப்ளைக்குப் போன் போட்டேன், வியாபாரத்தில் இருந்தான், எடுக்கவில்லை.